பொற்காசில் பெயர் பொறித்த ஆஃபா மன்னன்

லண்டன் மாநகரிலுள்ள பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலையில் ஒரு சிறு பொற்காசு பாதுகாக்கப்பட்டு வருகிறது. அதன் இரு புறமும் அரபு எழுத்துக்கள் இருக்கின்றன. ஒரு புறத்தின் நடுவில் அல்லாஹ் ஒருவனே, அவனுக்கு இணையில்லை என்னும் வாசகமும், மறுபுறத்தின் நடுவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறைவனின் தூதர் என்னும் வாசகமும் பொறிக்கப்பட்டுள்ளன. ஓரத்தில் ஹிஜ்ரி 157 என்ற ஆண்டு காணப்படுகிறது. பக்தாது நகரை நிர்மாணித்த அப்பாசியக் கலீபா அல் மன்சூர் அவர்கள் காலத்துத் தீனார்களில் உள்ள வாசகங்களே இவை. ஆனால் அந்த அரபு வரிகளுக்கு இடையில், தலைகீழாக, லத்தீன் எழுத்தில் ஆஃபா அரசன் என்று பொருள்படும் இரு சொற்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன.

அரபுக் காசில் தன் பெயரைப் பொறித்த இந்த ஆஃபா யார்? இவன் கி.பி. 757 முதல் 796 வரை இங்கிலாந்தின் மத்திய பாகத்தில் மெர்சியா என்னும் ராஜ்யத்தை ஆண்டவன். அத்தீவில் தனக்கு முன்னிருந்த பல மன்னர்களைவிட அதிக நிலத்தையும் அதிகாரத்தையும் தன் கைக்குள் கொண்டுவந்தவன். இவன் சரித்திரத்தை இவன் காலத்தில் எவரும் நூலாக எழுதி வைக்கவில்லை. நிலச் சாசனங்கள், ஆண்டுக் குறிப்புகள், கடிதங்கள், காசுகள் ஆகியவற்றைக் கொண்டே சரித்திர ஆசிரியர்கள் இவன் வாழ்க்கையைத் தொகுத்திருக்கின்றனர்.

நம் வாசகர்களில் பெரும்பாலோர் வியாபாரிகள். தகப்பன் உண்டாக்கிய கடை மகன் கையில் என்னவாகும் என்ற கவலையை அறியாத வியாபாரி இல்லை. ஆஃபாவின் வாழ்க்கை முழுவதும் அந்தக் கவலையைச் சுற்றியே அமைந்தது. ஆகையால் அவன் கதையை இங்கு எடுத்துக் கூறுவது பயனுடையதென்று கருதுகிறோம்.

அக்காலத்து ஐரோப்பா

கி.பி. 476இல் மேற்கு ரோமப் பேரரசின் கடைசி அரசன் பதவியிழந்த பின், ஐரோப்பாவின் மேற்குப் பகுதியில் ராஜ்யங்கள் தோன்றுவதும் மறைவதுமாகவே இருந்தன. ஸ்பெயினை ஆண்ட விசிகோத்தியர் 711இல் முஸ்லிம் படைகளிடம் தோற்றனர். பிராங்கியரின் பழைய அரச வம்சம் 751இல் அகற்றப்பட்டு, பெப்பின் என்பவன் முடி சூடினான். அவன் மகனான சார்லமேன் 774இல் இத்தாலியிலிருந்த லொம்பார்டியரின் ராஜ்யத்தை விழுங்கினான். முஸ்லிம் உலகிலும் மாறுதல்கள் நிகழ்ந்தன. 750இல் திமிஷ்கின் உமையாக்கள் வீழ்ந்து அப்பாசியர் எழுந்தனர். தப்பிச் சென்ற உமையா இளவரசர் அப்துர் ரஹ்மான் 756இல் குர்துபாவில் தம் ஆட்சியை நிறுவினார்.

இங்கிலாந்தோ அப்பொழுது ஒரே நாடாக இருக்கவில்லை. நார்தம்பிரியா, மெர்சியா, கிழக்கு ஆங்கிலியா, எஸ்ஸெக்ஸ், கெண்ட், சஸ்ஸெக்ஸ், வெஸ்ஸெக்ஸ் என ஏழு ராஜ்யங்கள் முக்கியமானவையாகக் கூறப்படுகின்றன. இவற்றிற்குள் சிறிய அரசுகளும் இருந்தன. மெர்சியாவுக்குக் கடற்கரை பெரும்பாலும் இல்லை. ஆனால் தேம்ஸ் நதிக் கரையிலுள்ள லண்டன் துறைமுகம் அதன் ஆதிக்கத்துக்குள் வந்திருந்தது. பல நாட்டுக் கப்பல்கள் வந்து போன அத்துறையின் சுங்க வருமானம் மெர்சிய மன்னர்களுக்குப் பெரும் பலமாயிருந்தது.

அரியணை கிடைத்த விதம்

ஆஃபாவுக்கு முன் மெர்சியாவை 41 ஆண்டுகள் ஆண்டவன் ஏதல்பால்ட். 757ஆம் ஆண்டில் அவனை அவனுடைய மெய்க்காப்பாளர்களே இரவில் கொன்றுவிட்டனர். பெயோர்ன்ரெட் என்பவன் சிறிது காலம் அரியணையில் அமர்ந்தான். அதே ஆண்டில் ஆஃபா அவனை விரட்டிவிட்டு அரசனானான். ஆஃபாவின் தகப்பன் அரசனல்ல. பல தலைமுறைகளுக்கு முந்திய ஒரு மெர்சிய மன்னனின் சகோதரன் வழியில் வந்தவன் என்பதே அவனுடைய உரிமை.

காவலரே கொலையாளிகளான அரண்மனையில், தூரத்துச் சொந்தம் என்ற ஒரே பிடிப்போடு பதவிக்கு வந்தவன் அவன். தான் வந்த வழியாகவே வேறொருவனும் வரக்கூடும் என்பதை அவன் ஒருநாளும் மறக்கவில்லை என்று அவன் பிற்காலச் செய்கைகளிலிருந்து தெரிகிறது.

ஆரம்பத்தில் மெர்சியாவின் பழைய ஆதிக்கம் சிதறிக் கிடந்தது. அவன் அதை மெல்ல மெல்லச் சேர்த்தான். 764இல் கெண்ட் நாட்டு விவகாரங்களில் தலையிட்டான். 771இல் ஹேஸ்டிங்ஸ் மக்களை அடக்கினான். 776இல் ஒட்போர்டு என்னுமிடத்தில் கெண்ட் படையோடு போர் நடந்தது. அதன் பிறகு சில ஆண்டுகள் கெண்ட் சுதந்தரமாகவே இருந்தது. 779இல் பென்சிங்டனில் வெஸ்ஸெக்ஸ் மன்னனைத் தோற்கடித்து அவ்வூரைக் கைப்பற்றினான். 785 அளவில் கெண்ட் முழுவதும் அவன் நேரடி ஆட்சிக்குள் வந்தது.

முன்னிருந்த மன்னர்கள் தோற்ற அரசனிடம் திறை வாங்கிக்கொண்டு அவனை அவன் நாட்டிலேயே விட்டு வைப்பார்கள். ஆஃபா அவ்வாறு செய்யவில்லை. பரம்பரை அரசர்களைப் படிப்படியாக வெறும் அதிகாரிகளாக்கினான். சஸ்ஸெக்ஸில் அரசரென்று கையொப்பமிட்டு வந்தவர்கள் பின்வந்த சாசனங்களில் பிரபுக்கள் என்றே குறிக்கப்படுகின்றனர். கெண்ட் மன்னன் ஒருவன் காண்டர்பரி மடத்துக்கு வழங்கிய நிலத்தை ஆஃபா திரும்பப் பறித்துக்கொண்டான். தன் ஊழியன் தன் அனுமதியின்றித் தானம் செய்ய உரிமையில்லை என்பது அவன் சொன்ன காரணம். ஓர் அரசனை ஊழியன் என்று அவன் குறித்ததைக் கெண்ட் மக்கள் மறக்கவில்லை.

மேற்கே வேல்ஸ் நாட்டாரோடு அவனுக்கு ஓயாத சண்டை இருந்தது. 778இலும் 784இலும் அவன் அந்நாட்டைச் சூறையாடியதாக வேல்ஸ் ஆண்டுக் குறிப்புகள் கூறுகின்றன. அந்த எல்லையில் மண்ணை வெட்டிப் பெரியதோர் அகழியும் கரையும் எழுப்பினான். அகழி வேல்ஸ் பக்கமாகவும் கரை மெர்சியா பக்கமாகவும் இருக்கிறது. சுமார் 130 கிலோமீட்டர் தூரத்துக்கு அதன் அடையாளங்கள் இன்றும் காணக்கிடக்கின்றன. ஆஃபாவின் அகழி என்றே மக்கள் அதை அழைக்கின்றனர். மண்வெட்டியும் கூடையுமே கருவியாக இருந்த காலத்தில் இவ்வளவு பெரிய வேலையைச் செய்விக்க எத்தனை ஊர்களின் ஆட்களைத் திரட்டியிருக்க வேண்டும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

வெள்ளிக் காசும் பொற்காசும்

வியாபாரிகளாகிய நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அவன் நாணய விஷயத்தில் செய்த வேலை. அவனுக்கு முன் இங்கிலாந்தில் புழங்கிய சிறிய தடித்த காசுகளில் பெரும்பாலானவற்றில் அரசன் பெயர் இராது. நாளடைவில் அவற்றில் வெள்ளி குறைந்து மட்டமான உலோகம் கூடிவிட்டது. பிராங்கிய நாட்டில் பெப்பின் அகலமான மெல்லிய வெள்ளிக் காசை வெளியிட்டிருந்தான். ஆஃபா அதே மாதிரியைப் பின்பற்றி, நல்ல வெள்ளியில் பென்னிக் காசுகளை ஏராளமாக அடிக்கச் செய்தான். காண்டர்பரியிலும் லண்டனிலும் கிழக்கு ஆங்கிலியாவிலும் அவனுக்கு அக்கசாலைகள் இருந்தன.

அக்காசுகளின் ஒரு புறம் அரசன் பெயர். மறுபுறம் அதை அடித்த அக்கசாலையாரின் பெயர். எடையோ தரமோ குறைந்தால் யாரைப் பிடிப்பது என்பது காசிலேயே எழுதியிருந்தது. சரக்கு மூட்டையின் மேல் கடைப்பெயர் போடும் நம் வழக்கத்தைப் போன்றது இது. சில காசுகளில் ஆஃபாவின் உருவம் சுருட்டை முடியோடு மிக அழகாகச் செதுக்கப்பட்டுள்ளது. அவன் மனைவி கினித்ரித் பெயரிலும் காசுகள் வெளிவந்தன. நார்மானியர் வருவதற்கு முற்பட்ட இங்கிலாந்தில் தன் பெயரில் காசு வெளியான அரசி அவள் ஒருத்தியே. தன் ஆட்சியின் கடைசிக் காலத்தில், சார்லமேன் தன் காசின் எடையைக் கூட்டியபோது, ஆஃபாவும் தன் காசின் எடையைக் கூட்டினான். கடலுக்கு அப்பால் உள்ள வியாபாரி தராசில் வைத்துப் பார்ப்பான் என்பதை அவன் அறிந்திருந்தான்.

இனி, நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட பொற்காசுக்கு வருவோம். அதைக் கண்டு, ஆஃபா இஸ்லாத்தைத் தழுவிவிட்டான் என்று கூறுவோர் உண்டு. கேட்க நமக்கு மகிழ்ச்சியாயிருந்தாலும் அது சரியன்று. அவன் கிறிஸ்தவனாகவே வாழ்ந்து கிறிஸ்தவனாகவே இறந்தான். அவனுடைய வெள்ளிக் காசுகள் பலவற்றில் சிலுவை இருக்கிறது. பொற்காசில் அரபு எழுத்துக்களைச் செதுக்கியவனுக்கு அரபு தெரியாது. எழுத்துக்களில் அவன் செய்துள்ள பிழைகளும், மன்னன் பெயரைத் தலைகீழாக அமைத்திருப்பதும் இதற்குச் சான்று.

அப்படியானால் ஏன் அப்படி ஒரு காசு? அக்காலத்தில் மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள சந்தைகளில் தங்கம் என்றால் கலீபாவின் தீனார்தான். எடையிலும் மாற்றிலும் அதை எவரும் சந்தேகிக்கவில்லை. மதம் வேறாயினும், மொழி புரியாவிட்டாலும், அதன் தோற்றத்தைக் கண்டதும் கிறிஸ்தவ வியாபாரியும் வாங்கிக்கொண்டான். ஆஃபா ஆண்டுதோறும் 365 பொற்காசுகளை ரோமிலுள்ள போப்பாண்டவருக்கு அனுப்ப வாக்களித்திருந்தான். அதற்காக அடித்த காசு இது என்று சிலரும், வியாபாரத்துக்காக அடித்தது என்று வேறு சிலரும் கருதுகின்றனர். எதுவாயினும், தன் வாள் எட்டாத இடத்தில் தன் பெயர் செல்லுபடியாக வேண்டுமானால், ஏற்கெனவே நம்பிக்கை பெற்ற ஒரு முத்திரையோடு சேர்ந்து செல்ல வேண்டுமென்று அந்த மேற்கத்திய மன்னன் உணர்ந்தான். நம்முடைய முன்னோர்களின் தீனாருக்கு அன்றிருந்த மதிப்பு அத்தகையது.

சார்லமேனோடு பிணக்கும் உடன்பாடும்

பிராங்கியப் பேரரசன் சார்லமேன் அன்று மேற்கு ஐரோப்பாவின் பெரும் பகுதியை ஆண்டான். 790ஆம் ஆண்டு அளவில் அவன் தன் மகனுக்கு ஆஃபாவின் மகளைக் கேட்டான். ஆஃபா சம்மதித்தான். ஆனால் சார்லமேனின் மகளைத் தன் மகன் எக்ஃபிரித்துக்குத் தர வேண்டும் என்று நிபந்தனை போட்டான். தன்னைச் சமமாகப் பாவித்த இந்தக் கோரிக்கை சார்லமேனுக்குப் பெருங் கோபத்தை மூட்டியது. ஆங்கில வியாபாரிகளுக்குத் தன் துறைமுகங்களை மூடிவிட்டான். இரு கரையிலும் கப்பல்கள் நின்றுவிட்டன. இரு மன்னர்களின் கௌரவச் சண்டையில் முதலில் அடிபட்டவர்கள் சரக்கேற்றி வைத்திருந்த வியாபாரிகளே.

துறைமுகச் சுங்கத்துக்குப் பொறுப்பாயிருந்த கெர்வோல்ட் என்னும் மடாதிபதி இடையில் நின்று பேசிச் சமாதானம் செய்வித்தார். 796இல் சார்லமேன் ஆஃபாவுக்கு எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கிறது. அதில் ஆஃபாவைச் சகோதரன் என்றே அழைத்திருக்கிறான். ரோமுக்கு யாத்திரை செல்வோரிடம் சுங்கம் வாங்குவதில்லை என்றும், ஆனால் யாத்திரிகர் வேடத்தில் சரக்குக் கொண்டுவரும் வியாபாரிகள் உரிய சுங்கத்தைச் செலுத்த வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறான். ஆங்கில வியாபாரிகளுக்குத் தன் நாட்டில் பாதுகாப்புண்டு, அநியாயம் நேர்ந்தால் தன்னிடமோ தன் நீதிபதிகளிடமோ முறையிடலாம், அவ்வாறே தன் வியாபாரிகளுக்கும் ஆஃபாவின் நாட்டில் நீதி கிடைக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறான். ஆஃபா கேட்டனுப்பிய கறுப்புக் கற்கள் என்ன அளவில் வேண்டும் என்பதைத் தெரிவிக்கவும், இங்கிலாந்திலிருந்து வரும் மேலங்கிகள் பழைய நீளத்திலேயே வரச் செய்யவும் சொல்லியிருக்கிறான். அளவு குறைந்த துணியைப் பற்றிய புகார் பேரரசன் வரைக்கும் எட்டியிருந்தது என்பதை இங்கு கவனிக்க.

மகனுக்காகச் செய்தவை

ஆஃபாவின் வெளியுலகக் கீர்த்தி இவ்வாறிருக்க, உள்ளே அவன் மனம் ஒன்றையே நாடியது. தனக்குப் பின் எக்ஃபிரித் தடையின்றி ஆள வேண்டும். அதற்காக 787இல் தான் உயிரோடிருக்கும்போதே மகனுக்கு அரச அபிஷேகம் செய்வித்தான். இங்கிலாந்தில் இத்தகைய அபிஷேகம் நடந்ததாக நாம் அறிவது இதுவே முதல் முறை. கெண்ட் நாட்டிலுள்ள காண்டர்பரி தலைமைக் குரு அவனுக்கு அனுகூலமாக இல்லை. எனவே அதே ஆண்டில் மெர்சியாவிலுள்ள லிச்ஃபீல்ட் என்னும் ஊரில் புதிய தலைமைக் குருபீடம் ஒன்றை உண்டாக்கி, காண்டர்பரியின் அதிகாரத்தில் பெரும் பங்கைப் பிரித்து அதற்குக் கொடுக்கச் செய்தான்.

789இல் ஒரு மகளை வெஸ்ஸெக்ஸ் மன்னன் பியோர்ட்ரிக்குக்கும், 792இல் இன்னொரு மகளை நார்தம்பிரியா மன்னனுக்கும் மணம் முடித்துக் கொடுத்தான். வெஸ்ஸெக்ஸ் அரியணைக்கு உரிமை கோரிய எக்பெர்ட் என்னும் இளைஞனை மருமகனோடு சேர்ந்து நாட்டைவிட்டே துரத்தினான். அவன் கடல் கடந்து சார்லமேனின் நாட்டில் அடைக்கலம் புகுந்தான். 794இல் கிழக்கு ஆங்கிலியாவின் மன்னன் ஏதல்பெர்ட்டின் தலையைக் கொய்யும்படி ஆஃபா உத்தரவிட்டான். கொல்லப்பட்ட மன்னனைப் பிற்கால மக்கள் புனிதராகப் போற்றினர். ஹெரிஃபோர்டு நகரின் பெரிய ஆலயம் அவன் பெயரால் இன்றும் விளங்குகிறது. தன் சொந்த வம்சத்திலும் மகனுக்குப் போட்டியாக வரக்கூடியவர்களை ஆஃபா விட்டு வைக்கவில்லை. மகன் நடக்கப் போகும் பாதையில் ஒரு முள்ளும் இருக்கக் கூடாதென்று அவன் செய்த ஏற்பாடு இது.

141 நாட்கள்

796ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் தேதி ஆஃபா இறந்தான். எதிர்ப்பின்றி எக்ஃபிரித் அரசனானான். தகப்பன் 39 ஆண்டுகள் பாடுபட்டுச் செய்த ஏற்பாடு பலித்துவிட்டதென்றே எல்லோரும் எண்ணியிருப்பார்கள். ஆனால் 141 நாட்களே அவன் ஆண்டான். அவ்வாண்டு டிசம்பர் மாதம் அவனும் இறந்துவிட்டான். அரசுரிமைக்கு வரத்தக்க மகன் அவனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. நெருங்கிய சொந்தத்தில் தாங்குவதற்கு வேறு ஆளும் இல்லை. இருக்கக்கூடியவர்களைத் தகப்பனே அகற்றியிருந்தான்.

சார்லமேனின் அவையிலிருந்த அல்குயின் என்னும் ஆங்கில அறிஞர் ஆஃபாவை மதித்தவர். அவரே மறு ஆண்டில் எழுதிய கடிதமொன்றில், அந்த வாலிபன் தன் பாவத்தினால் இறக்கவில்லை, ராஜ்யத்தை அவனுக்கு உறுதிப்படுத்தத் தகப்பன் சிந்திய இரத்தமே காரணம் என்ற கருத்தைக் கூறியிருக்கிறார். ஆஃபா செய்தவை கட்டடமல்ல, தன் வீட்டுக்கே செய்த அழிவு என்பது அவருடைய எண்ணம்.

அதன் பின் கணக்குகள் ஒவ்வொன்றாகத் தீர்க்கப்பட்டன. நார்தம்பிரியா மருமகன் அதே 796இல், ஆஃபா இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, கொலையுண்டிருந்தான். ஊழியரென்று இழிவுபடுத்தப்பட்ட கெண்ட் மக்கள் அவ்வாண்டிலேயே கலகம் செய்து தங்களுக்கென்று ஒரு மன்னனை அமர்த்தினர். மெர்சியாவில் தூரத்து உறவினனான கென்வுல்ஃப் அரசனாகி, 798இல் கெண்ட் கலகத்தைக் கொடூரமாக அடக்கினான். அவன் 821 வரை திறமையோடு ஆண்டான். ஆயினும் லிச்ஃபீல்ட் தலைமைக் குருபீடத்தை அவன் காலத்திலேயே, 803இல், கலைத்துவிட்டார்கள். பதினாறு ஆண்டுகளோடு அது முடிந்தது.

துரத்தப்பட்ட எக்பெர்ட் என்னவானான்? 802இல் பியோர்ட்ரிக் இறந்ததும் அவன் திரும்பி வந்து வெஸ்ஸெக்ஸ் மன்னனானான். 825இல் எல்லண்டூன் என்னுமிடத்தில் மெர்சிய மன்னன் பெயோர்ன்வுல்ஃபை முறியடித்தான். கெண்ட், சஸ்ஸெக்ஸ், எஸ்ஸெக்ஸ் ஆகிய நாடுகள் அவன் பக்கம் சேர்ந்துவிட்டன. தங்கள் மன்னன் தலையை இழந்திருந்த கிழக்கு ஆங்கிலியா மக்களும் மெர்சியாவை எதிர்த்தெழுந்து பெயோர்ன்வுல்ஃபைக் கொன்றனர். 829இல் எக்பெர்ட் மெர்சியாவையே கைப்பற்றினான். மறு ஆண்டில் அது விடுபட்டாலும் பழைய மேன்மை திரும்பவில்லை. 874இல் வைக்கிங் படைகள் அதன் மன்னனை ஓட்டின. 877இல் நாட்டைப் பங்கிட்டுக்கொண்டன. எக்பெர்ட்டின் வழித்தோன்றல்களே பின்னர் இங்கிலாந்து முழுவதையும் ஒன்றாக்கி ஆண்டனர்.

எது நின்றது?

ஆஃபா மறைந்து 30 ஆண்டுகளுக்குள் அவன் வாளால் சேர்த்த நாடுகள் பெரும்பாலும் கைநழுவிவிட்டன. யாரை அவன் இழிவு செய்தானோ, யாரைத் துரத்தினானோ, யாரைக் கொன்றானோ, அந்தந்த இடத்திலிருந்தே அவன் ராஜ்யத்துக்கு அடி விழுந்தது. மகன் ஒருவனை நம்பி, மகனுக்குத் துணையாக நிற்கக் கூடியவர்களையெல்லாம் போட்டியாளர் என்று எண்ணி அகற்றியதால், மகன் போனவுடன் அவன் குடும்பமே சரித்திரத்திலிருந்து மறைந்தது. பங்காளியையும் பழைய கணக்கப்பிள்ளையையும் சந்தேகித்து விலக்கிவிட்டு, முழுப் பொறுப்பையும் ஒரே வாரிசின் தலையில் ஏற்றும் முதலாளிமார் இதைச் சிந்திக்க வேண்டும்.

ஆனால் அவன் நல்ல எடையில் அடித்த பென்னிக் காசு நின்றது. அவனை வென்ற வெஸ்ஸெக்ஸ் மன்னர்களும் அதே மாதிரிக் காசையே அடித்தனர். சுமார் 500 ஆண்டுகள் அதுவே இங்கிலாந்தின் முக்கிய நாணயமாயிருந்தது. ஒரு பவுனுக்கு 240 பென்னி என்ற கணக்கு 1971 வரை அந்நாட்டில் வழங்கியது. அந்தக் கணக்கு நம் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. 1906இல் இவ்வூர் வெள்ளியின் மதிப்பை இரண்டு ஷில்லிங் நான்கு பென்னி, அதாவது 28 பென்னி என்று நிர்ணயித்தார்கள். நம் பாட்டன்மார் கிட்டங்கிகளில் உட்கார்ந்து சீமைச் சரக்குக்கு விலை போட்டபோது இந்தக் கணக்கையே போட்டார்கள்.

தமிழில் நாணயம் என்ற ஒரே சொல் காசையும் குறிக்கிறது, நேர்மையையும் குறிக்கிறது. ஆஃபா முதலாவதில் சிறந்து விளங்கினான். தன்னை அண்டிய அரசர்களிடமும் உறவினரிடமும் இரண்டாவதை அவன் காட்டவில்லை. அவன் காசு பொருட்காட்சிசாலையில் இன்றும் பளபளக்கிறது. அவன் வம்சத்தைப் பற்றி, அந்த 141 நாட்களுக்குப் பின், சொல்வதற்கு ஒன்றும் இல்லை.